யார் யாருக்குக் கணக்குச் சொல்வது?

அரியலூர் மாவட்டத்தில் ஒருவர் வாழும் ஊர் ஒன்றுதான். காகிதத்தில் மட்டும் அவருக்கு மூன்று ஊர்கள் உண்டு. பட்டா, சிட்டா என்று வந்தால் அவர் ஒரு வருவாய்க் கிராமத்துக்காரர். குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, ஊரக வேலைத் திட்டம் என்று வந்தால் ஓர் ஊராட்சிக்காரர். அவர் வீடு இருப்பதோ பெரும்பாலும் இவ்விரண்டு பட்டியலிலும் தலைப்பில் வராத, பஸ் கண்டக்டருக்கு மட்டும் பெயர் தெரிந்த ஒரு குக்கிராமத்தில். மாவட்டத்தின் வருவாய்க் கிராமங்கள் 195, ஊராட்சிகள் 201. ஒரு கிராமம் இரண்டு ஊராட்சிகளில் கிடக்கும். ஓர் ஊராட்சிக்குள் வேறொரு கிராமத்தின் வால் நுழைந்திருக்கும். வட்டங்கள் நான்கு, ஒன்றியங்கள் ஆறு. இந்தக் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தி உட்காருவதில்லை.

கோடுகள் இரண்டானதால் ஏணிகளும் இரண்டு. நிலத்தில் சிக்கல் என்றால் கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.), வருவாய் ஆய்வாளர், தாசில்தார், கோட்டாட்சியர் என்று ஏற வேண்டும். தண்ணீரில் சிக்கல் என்றால் ஊராட்சிச் செயலர், தலைவர், வட்டார வளர்ச்சி அலுவலர் என்று ஏற வேண்டும். இரண்டு ஏணியும் போய்ச் சேருவது கலெக்டர் அலுவலகத்தில். அதனால்தான் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் அங்கே அத்தனை கூட்டம். எந்த ஏணி தன்னுடையது என்று புரியாதவர் நேராக உச்சிக்கே வந்து நிற்கிறார். அங்கே வாங்கும் மனு, முத்திரை குத்தப்பட்டு மறுபடியும் கீழே இறங்கி, அவர் முதலில் பார்த்திருக்க வேண்டிய அதே அலுவலரின் மேசைக்கே வந்து சேர்கிறது. "வி.ஏ.ஓ.வ பாத்தீங்களா?" என்பதுதான் இந்த மாவட்டத்தில் எந்த அலுவலகத்திலும் முதலில் கேட்கப்படும் கேள்வி.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அரியலூரின் மக்கள் 7,54,894 பேர். அவர்களில் நூற்றுக்கு 89 பேர் கிராமங்களில் வாழ்ந்தார்கள். தமிழ்நாட்டில் நகரம் மிகக் குறைவாகத் தொட்ட மாவட்டம் அன்றைக்கு இதுதான். வடக்கே ஆண்டிமடம், செந்துறைப் பக்கம் செம்மண்ணும் முந்திரியும். தெற்கே திருமானூர், தா.பழூர்ப் பக்கம் கொள்ளிடக்கரை நெல். நடுவே சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும், அவற்றுக்காகப் புழுதி கிளப்பி ஓடும் டிப்பர் லாரிகளும். திருமானூர்க்காரருக்கு ஆஸ்பத்திரி, துணிமணி எல்லாமே ஆற்றுக்கு அக்கரையில் தஞ்சாவூரில்தான். கையெழுத்து வாங்க மட்டும் அரியலூர் வர வேண்டும்.

இப்படிப்பட்ட ஒரு மாவட்டத்தை அரசு எதைக் கொண்டு அறிகிறது? இரண்டு கணக்குகளைக் கொண்டு. ஒன்று நிலத்தின் கணக்கு. மற்றது மனிதர்களின் கணக்கு. இவ்விரண்டும் நடத்தப்படும் விதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நிர்வாகம் என்று நாம் சொல்வதன் உள்ளுறை கொஞ்சம் பிடிபடும்.

நிலத்தின் கணக்கு மிகப் பழையது. இந்த மாவட்டத்துக்குள் இருக்கும் கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திரன் தலைநகர் எழுப்புவதற்கு முன்பே, அவன் தந்தை ராஜராஜன் காலத்தில் சோழநாட்டு நிலம் அளக்கப்பட்டுவிட்டது. வேலியைக் காணி, முந்திரிகை என்று பகுத்து, அவற்றையும் கீழ்ப் பகுத்துக் கல்வெட்டில் பதித்தார்கள். வரியைப் பார்த்துக்கொள்ளப் புரவுவரித் திணைக்களம் இருந்தது. பிறகு பாளையக்காரர்கள் வந்தார்கள்; உடையார்பாளையமும் அரியலூரும் ஜமீன்களாயின. பிரிட்டிஷார் புலத்துக்குப் புலம் எண் போட்டுக் கல் நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பின் ஜமீன் ஒழிந்தது. ஆட்சிகள் மாற மாற அளவுகோல் மாறியது. ஆனால் கேள்வி ஒன்றே: இந்த நிலம் யாருடையது, இதிலிருந்து என்ன வரும்?

இன்றும் அந்தக் கணக்கின் சீர் குலையவில்லை. 'அ' பதிவேட்டில் ஒவ்வொரு புல எண்ணும் உட்பிரிவும், நஞ்சையா புஞ்சையா, எத்தனை ஏர்ஸ், தீர்வை எவ்வளவு என்பதும் இருக்கும். அடங்கலில் எந்தப் பசலியில் எந்தப் புலத்தில் என்ன பயிர் என்று இருக்கும். பசலி ஆண்டு ஜூலை 1ஆம் தேதி பிறக்கிறது. 2025 ஜூனில் முடிந்தது 1434ஆம் பசலி. ஆண்டு முடியும் முன், கோடை வெயிலில், தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி என்ற கணக்குத் தணிக்கை நடக்கும். குறுவட்டம் குறுவட்டமாக வி.ஏ.ஓ.க்கள் தங்கள் கணக்குகளைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து வைப்பார்கள். தணிக்கை அலுவலர் ஏடுகளைப் புரட்டிப் பச்சை மையில் கையெழுத்திடுவார். நிலம் அளக்கும் சங்கிலியை வெளியே விரித்து, அதன் நீளம் சரியாக இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். அளப்பதைச் சரிபார்க்க அளக்கும் சங்கிலியையே அளந்து பார்க்கும் அக்கறை அது. கடைசி நாள் குடிகள் மாநாடு. கொரோனா ஆண்டுகளில்கூட மனுக்களை இணையத்தில் வாங்கியாவது ஜமாபந்தியை நடத்தினார்கள். நிலத்தீர்வை பெயரளவுக்கு வந்துவிட்ட காலத்திலும் ஏடு நிற்கவில்லை.

ஏடு நிற்கவில்லை என்பதால் ஏடு எப்போதும் மெய் பேசுகிறது என்று ஆகிவிடாது. 1979இல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தைக் கிராமத்தில் யாரும் அந்தப் பெயரால் சொல்வதில்லை, "யூ.டி.ஆர்." என்றுதான் சொல்வார்கள். "யூ.டி.ஆர்.ல பேரு மாறி ஏறிடுச்சுங்க" என்ற ஒரே வாக்கியத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு தலைமுறை அலைந்திருக்கிறது. ஜெயங்கொண்டம் பக்கத்தில் 1990களில் பழுப்பு நிலக்கரி மின் திட்டத்துக்கென்று நிலம் எடுத்தார்கள். திட்டம் வரவில்லை. நிலம் காகிதத்தில் அரசுடையதாகவும் களத்தில் முந்திரித் தோப்பாகவும் பல்லாண்டு கிடந்து, கடைசியில் திருப்பித் தருவதாக அரசே அறிவித்தது. ஆனாலும் இந்தத் தவறுகளுக்கெல்லாம் ஒரு மேசை உண்டு, ஒரு மனுப் படிவம் உண்டு, ஆண்டுக்கொரு நாள் உண்டு. நிலத்தின் கணக்கில் பிழை வந்தால் எங்கே போய்க் கேட்பது என்று ஊருக்குத் தெரியும்.

இந்தக் கணக்கை எழுதியவர்களின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். கணக்குப்பிள்ளையும் மணியக்காரரும் பரம்பரைப் பதவியாக இருந்த காலம் ஒன்று. ஊரில் யாருக்கு எத்தனை பிள்ளை, யார் எந்த வரப்பை அரை முழம் தள்ளினார், யார் வீட்டில் பாகப்பிரிவினைச் சண்டை என்பதெல்லாம் அவர்களுக்கு ஏட்டைப் புரட்டாமலே தெரியும். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் அந்தப் பதவிகளை ஒரே வீச்சில் ஒழித்தது. மறு ஆண்டு அது சட்டமானது. 1982இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. தேர்வு எழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர் அந்த இடத்தில் உட்கார்ந்தார்.

"அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளைக்கு ஊரே தெரியும், இந்தத் தம்பிக்கு எந்தத் தெரு எங்க இருக்குன்னே தெரியாது" என்று பெரியவர்கள் சலித்துக்கொள்வதைக் கேட்கலாம். சலிப்பில் நியாயம் இருக்கிறது. அப்பா செத்தது ஊருக்கே தெரியும். ஆனாலும் வாரிசுச் சான்றுக்கு ஆதாரம் கேட்கிறார்கள். ஆனால் அந்தப் பழைய அறிவு யாருக்கு உதவியது என்றும் கேட்க வேண்டும். ஊரை முழுக்க அறிந்தவர் ஊரில் ஒரு சாதியைச் சேர்ந்தவராகவும், ஒரு பக்கத்துக்கு உறவினராகவும் இருந்தார். அவர் அறிந்ததை அவர் விரும்பிய அளவுக்குத்தான் எழுதினார். மாவட்ட மக்களில் நூற்றுக்கு 23 பேர் பட்டியல் சாதியினர். அவர்களில் எத்தனை பேரின் சாகுபடி அந்தப் பழைய ஏடுகளில் அவர்கள் பெயரிலேயே ஏறியிருக்கும்? தெருவின் பெயர் தெரியாத புதிய அலுவலருக்கு முன்னால் ஊர்த் தெருக்காரரும் சேரிக்காரரும் ஒரே படிவத்தோடு நிற்கிறார்கள். அந்தத் தெரியாமையில் ஒரு சமத்துவம் இருக்கிறது. நெருங்கிய அறிமுகம் தராத நீதியைச் சில சமயம் அந்நியத்தன்மை தந்துவிடுகிறது.

எண்ணும் இப்படியோர் அந்நியம்தான். அது யாரையும் முகம் பார்த்து எழுதுவதில்லை. இங்கேதான் இரண்டாவது கணக்கு வருகிறது.

மனிதர்களைத் தலை எண்ணும் பழக்கம் நமக்குப் புதியது. சென்னை மாகாணத்தில் முதல் முழுக் கணக்கெடுப்பு 1871இல். நாடு முழுக்க ஒரே காலத்தில் எடுத்தது 1881இல். ஆள் கணக்கு எடுத்தால் தலைவரி வரும் என்று மக்கள் அஞ்சினார்கள், அஞ்சியதில் வியப்பில்லை. அதுவரை எந்தக் கணக்கும் வாங்குவதற்காகத்தான் எடுக்கப்பட்டிருந்தது. ஆனால் இந்தக் கணக்கு, எடுத்தவர்களே எதிர்பாராத ஒரு வேலையைச் செய்தது. 1881இல் சென்னை மாகாணத்தின் மக்கள்தொகை, பத்தாண்டுக்கு முன் இருந்ததைவிடக் குறைந்திருந்தது. இடையில் வந்தது 1876–78இன் தாது வருஷப் பஞ்சம். அந்தப் பஞ்சம் கும்மிப் பாட்டாகவும் கிழவிகளின் கதையாகவும் ஏற்கனவே ஊரில் இருந்தது. பாட்டைக் கேட்டு அழலாம். அரசை நோக்கி நீட்ட முடியாது. 1871இன் எண்ணும் 1881இன் எண்ணும் பக்கத்தில் நின்றபோதோ, போனவர்கள் எங்கே என்ற கேள்வி அரசின் சொந்த அச்சகத்திலிருந்தே புறப்பட்டு வந்தது.

நில ஏட்டால் இப்படி ஒரு கேள்வியைக் கேட்க முடியாது. உழுதவன் செத்தால் அது பெயரை மாற்றி எழுதிக்கொள்ளும். அவன் ஏன் செத்தான் என்று கேட்காது.

2011க்கு வருவோம். பிப்ரவரி 9 முதல் 28 வரை, பெரும்பாலும் பள்ளிக்கூட ஆசிரியர்கள், ஆளுக்கு அறுநூறு எழுநூறு பேர் வாழும் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். கையில் உத்தேச வரைபடம். அதில் கோயில், கிணறு, புளியமரம், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சிறு கட்டம். குடும்பத் தலைவர் பெயர், அவருக்கு உறவு, ஆணா பெண்ணா, வயது, படிப்பு, வேலை. திண்ணையில் உட்கார்ந்து எழுதும்போது இந்தப் பக்கத்துக் கிராமங்களில் அடிக்கடி எழுந்த சிக்கல் ஒன்று உண்டு. "பெரியவன் சிங்கப்பூர்ல இருக்கான் சார், அவனையும் சேத்துக்கிறீங்களா?" சேர்க்க முடியாது. இங்கே இல்லாதவர் இந்தக் கணக்கில் இல்லை. மாதா மாதம் பணம் அனுப்புகிறவர், கூரையை மாற்றிக் காங்கிரீட் போட்டவர், தங்கை கல்யாணத்தை நடத்தியவர் அந்தப் படிவத்தில் ஒரு வரியாகக்கூட ஏறவில்லை.

அதனால் அரியலூரின் எண்களை மேலோட்டமாகப் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஆயிரம் ஆண்களுக்கு 1,015 பெண்கள் என்பது 2011இன் பாலின விகிதம். பார்த்ததும் பெண்ணுக்கு நல்ல மாவட்டம் என்று தோன்றும். ஆண்கள் பிழைக்கப் போய்விட்டதும், முதுமையில் பெண்களே எஞ்சி நிற்பதும் சேர்ந்துதான் அந்த எண் இவ்வளவு அழகாக இருக்கிறது. அட்டவணையின் அடுத்த பத்தியைப் பார்க்க வேண்டும். ஆறு வயதுக்கு உட்பட்ட சிறுவர்கள் 41,755, சிறுமிகள் 37,458. அதாவது ஆயிரத்துக்கு 897. இயல்பாகப் பிறப்பதில் ஆயிரம் ஆணுக்குச் சுமார் 950 பெண் என்று வைத்தாலும், ஏறத்தாழ 2,200 சிறுமிகள் இங்கே இருந்திருக்க வேண்டும், இல்லை. சிங்கப்பூர் போய்விட்டார்கள் என்று சொல்ல வழியில்லாத வயது.

இதை ஊருக்குள் யாரும் பார்த்திருக்க முடியாது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு தெருவில் மூன்று பையன்கள், இரண்டு பெண்கள் என்றால் யார் கண்ணில் உறுத்தும்? ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காரணம் இருக்கும். ஒவ்வொரு காரணமும் தனியாக நியாயமாகத் தெரியும். ஸ்கேன் சென்டர் வாசலில் என்ன நடந்தது என்பது அந்தந்த வீட்டோடு முடிந்துபோகும். கருவிலேயே பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 1994லேயே வந்துவிட்டது. சட்டம் இருப்பது வேறு, மீறல் கண்ணில் படுவது வேறு. எல்லா வீடுகளையும் கூட்டிப் பார்த்த எண்ணுக்கு மட்டுமே அந்த இல்லாமை தெரிந்தது. தெரிந்ததும் அரசால் பேசாமல் இருக்க முடியவில்லை. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2011இன் எண்கள் வெளிவந்த பிறகு கடலூர், அரியலூர், பெரம்பலூர், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களுக்கு விரிவாக்கப்பட்டது. பெற்றவள் விட்டுப்போகத் தொட்டில் வைப்பது தீர்வா, விட்டுப்போவதற்கே வழிவிடுவதா என்று வாதிடலாம். ஆனால் அரசு ஏதோ ஒன்றைச் செய்தாக வேண்டிய நிலை வந்தது. அந்த நிலையைக் கொண்டுவந்தது போராட்டமோ மனுவோ இல்லை; 897 என்ற ஓர் எண்.

இந்த எண்ணைப் போலவே, மாவட்டம் என்ற கோடும் அரசின் மேல் கடன் சுமத்தும் ஒன்றுதான். 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001 ஜனவரி 1 அன்று பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002 மார்ச் 31 அன்று மீண்டும் பெரம்பலூரோடு சேர்ந்தது. 2007 நவம்பர் 23 அன்று மீண்டும் பிரிந்தது. ஆட்சி மாறியபோதெல்லாம் மாவட்டம் மாறியது. இடையில் எந்த வாய்க்காலும் திசை மாறவில்லை. வெறும் பெயர்ப்பலகை அரசியல் என்று அப்போது சிரித்தவர்கள் உண்டு. ஆனால் மாவட்டத்துக்கு ஓர் அரசு மருத்துவக் கல்லூரி என்ற கொள்கை வந்தபோது, 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறந்துவைக்கப்பட்ட 11 கல்லூரிகளில் அரியலூரும் ஒன்று. தனி மாவட்டமாக இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பட்டியலில் இந்தப் பெயர் வந்திருக்குமா? கோடு போட்டவர்கள் எந்த எண்ணத்தோடு போட்டார்களோ, கோட்டுக்குள் வந்தவர்களுக்கு அரசு கடன்பட்டுவிட்டது.

மக்கள்தொகை எண்ணும் ஒவ்வொரு நாளும் அப்படிக் கடன் சுமத்துகிறது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது விதி. ஊராட்சிக்கு வரும் மாநில நிதியில் தலைக்கணக்குக்குப் பங்கு உண்டு. எந்த ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்படும் என்பதும் அந்த எண்ணிலிருந்தே வருகிறது. ஆக ஓர் ஊரில் ஒருவர் எண்ணப்படும்போது நர்ஸம்மாவின் ஒரு பங்கும், குழாயின் ஒரு பங்கும், நாற்காலியின் ஒரு பங்கும் அவர் பெயரில் எழுதப்படுகின்றன.

இப்போது இரண்டு கணக்குகளையும் சேர்த்துப் பார்க்கலாம். நிலத்தின் கணக்கு ஆண்டு தவறாமல் சரிபார்க்கப்படுகிறது. மனிதர்களின் கணக்கு பத்தாண்டுக்கு ஒரு முறை. 1881 முதல் அந்த முறை தவறவில்லை; உலகப் போரின் நடுவேகூட, 1941இல் சுருக்கமாகவேனும், நடந்தது. 2021இல்தான் முதன்முறையாகத் தவறியது. கொரோனாவைக் காரணம் சொன்னார்கள். கொரோனா போனபின்னும் வரவில்லை. அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1 என்று 2025 ஜூனில்தான் அறிவிக்கை வெளியானது. ஆக 2011க்கும் அதற்கும் நடுவே 16 ஆண்டுகள். இந்தப் பதினாறு ஆண்டுகளில் அரியலூரில் பிறந்த எந்தக் குழந்தையும் எந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் இல்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதும் பெண், பல திட்டங்களின் பங்கீட்டுக் கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை. 897 என்ற அந்த எண் ஏறியதா, இன்னும் இறங்கியதா? மாதிரி ஆய்வுகள் மாவட்டத்துக்கு ஒரு தோராயம் சொல்லும். எந்த ஊரில் என்று ஊர் ஊராகச் சொல்ல அவற்றால் ஆகாது. நோய் இருக்கிறது என்று சொன்ன கருவியே, மருந்து கேட்டதா என்று சொல்ல வேண்டிய நேரத்தில் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

மனிதர்களின் கணக்கில் இன்னொரு வகையும் உண்டு, அது வாக்கு. உள்ளாட்சித் தேர்தலும் ஒரு தலை எண்ணிக்கைதான். 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. அதில் வென்றவர்களின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. மறுபடியும் தேர்தல் இல்லாமல் தனி அலுவலர்கள் வந்தார்கள். தனி அலுவலர் நல்லவராக இருக்கலாம், தலைவரைவிட நேர்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் அவர் கணக்கு ஒப்பிப்பது மேலே. தெருவிளக்கு எரியாவிட்டால் டீக்கடையில் வைத்து அவரை யாரும் மடக்க முடியாது. கிராம சபைக்கு ஆண்டுக்கு ஆறு நாள் குறித்திருக்கிறார்கள். கேள்வி கேட்கக் கூட்டம் இருக்கிறது, பதில் சொல்லித் தோற்கக்கூடிய ஆள் இல்லை.

கணக்கெடுப்பு இல்லாததும் தேர்தல் இல்லாததும் ஒரே காலத்தில் வந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் எந்தக் கணக்கைத் தள்ளிப்போட முடியும், எந்தக் கணக்கைத் தள்ளிப்போட முடியாது என்பதில் தற்செயல் எதுவும் இல்லை. ஜமாபந்தியை ஓர் ஆண்டு நிறுத்தினால் அரசுக்கு உறுத்தும்; அது அரசின் சொத்தேடு. மனிதர்களின் கணக்கைத் தள்ளிப்போட்டால் உறுத்த வேண்டியது ஊருக்கு. ஊருக்கோ, தன் பெயரில் ஒரு கணக்கு நிலுவையில் கிடக்கிறது என்றே சொல்லப்படவில்லை.

ஓர் எண்ணுக்குப் பதில் சொல்வது எப்படி என்பதற்கு இந்த மாவட்டத்திலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. அரியலூர் என்ற பெயரை நாடு முழுக்க அறிந்தது 1956 நவம்பர் 23 அன்று. விடியற்காலையில், மழைவெள்ளத்தில் மருதையாற்றுப் பாலம் சரிய, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. இறந்தவர்கள் 140க்கும் மேல். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். சில மாதங்களுக்கு முன் மகபூப்நகர் விபத்தின்போதே விலக முன்வந்தவர் அவர்; நேரு அப்போது ஏற்கவில்லை, அரியலூருக்குப் பின் ஏற்றார். அந்தப் பாலத்தைக் கட்டியவர் சாஸ்திரி இல்லை. மழையைப் பெய்யவைத்தவரும் அவர் இல்லை. மருதையாறு எங்கே ஓடுகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் ஓர் எண் டெல்லிக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த எண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டிய நாற்காலியில் தான் உட்கார்ந்திருப்பதாக அவர் எடுத்துக்கொண்டார்.

இறந்தவர்களின் எண்ணிக்கை வந்தால் யாராவது பதில் சொல்லியாக வேண்டும் என்பது நமக்கு எளிதாகப் புரிகிறது. உயிரோடு இருப்பவர்களின் எண்ணிக்கைக்கும் அதே பதில் உரியது என்பதுதான் இன்னும் புரியவில்லை. 7,54,894 என்பதை நாம் பொது அறிவு வினா-விடைக்கு உரிய செய்தியாகப் படிக்கிறோம். உண்மையில் அது ஒரு கடன் பத்திரத்தில் இருக்கும் தொகை. வாங்கியவர் அரசு, கொடுத்தவர்கள் அந்த 195 கிராமங்களில் திண்ணையில் உட்கார்ந்து பெயரும் வயதும் சொன்னவர்கள்.

ஆயிரம் ஆண்டுகளாக இந்த மண்ணில் கணக்கு ஒரே திசையில் ஓடியது. கீழே இருப்பவர் ஒப்பிப்பார், மேலே இருப்பவர் சரிபார்ப்பார். சோழன் மெய்க்கீர்த்தி போனது, ஜமீன் கொடி இறங்கியது, யூனியன் ஜாக் இறங்கியது. கணக்கின் திசை மட்டும் மாறவில்லை. குடியரசு என்று நாம் பெயர் சூட்டிக்கொண்டதன் பொருள், அந்தத் திசையில் எதிரோட்டம் ஒன்று தொடங்கும் என்பதுதான். நிலத்தின் கணக்கு, ஊர் அரசுக்கு என்ன தர வேண்டும் என்று சொல்கிறது. மக்களின் கணக்கு, அரசு ஊருக்கு என்ன தர வேண்டும் என்று சொல்கிறது. முதலாவதை மட்டும் ஒழுங்காக எழுதும் ஆட்சிக்கு வசூல் தெரியும், நிர்வாகம் தெரியாது. இரண்டாவதையும் அதே ஒழுங்கோடு, அதே தேதி தவறாமையோடு, அளக்கும் சங்கிலியை அளந்து பார்க்கும் அதே அக்கறையோடு எழுதுவதுதான் நிர்வாகம்.

ஆகவே கணக்கெடுப்பு ஆசிரியர் வாசலுக்கு வரும்போது, வீட்டில் எத்தனை பேர் என்று அவர் கேட்பதற்குச் சரியாகப் பதில் சொல்வது பாதி வேலைதான். சென்ற முறை எண்ணிப் போனீர்களே, அதற்கு என்ன செய்தீர்கள் என்று திருப்பிக் கேட்பது மீதிப் பாதி. அவரால் பதில் சொல்ல முடியாது; பாவம், அவர் பள்ளிக்கூட வாத்தியார். ஆனால் அந்தக் கேள்வி எல்லாத் திண்ணைகளிலும் எழுந்தால், இரண்டு ஏணிகளில் எந்த வழியாகவாவது அது உச்சிக்கு ஏறியே தீரும். எண்ணப்பட்டவர்கள் கணக்குக் கேட்கத் தொடங்கும் நாளில்தான் ஒரு மாவட்டம் மக்கள்தொகை என்ற நிலையிலிருந்து மக்கள் என்ற நிலைக்கு வருகிறது.